பதினாறு மணி நேர விரதம்: தனியாகத் தொடங்காதீர்கள்

ஒரு நாளின் சாப்பாட்டை எட்டு மணி நேரத்துக்குள் முடித்து, மீதிப் பதினாறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கும் இண்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டவள் நான். ஒரு தடவைகூடப் பசி தாங்காமல் விடவில்லை. முதல் தடவை, நாலாம் நாள் காலையில் அலுவலகத்தில் ஒருவர் புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் ஜாங்கிரி டப்பாவோடு மேசை மேசையாக வந்தார். இரண்டாம் தடவை மாமியார். "வெறும் வயித்தோட நீ வேலைக்குப் போனா எனக்கு மனசு கேக்கல" என்று நாலு இட்லியைத் தட்டில் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் தடவை, மகன் மிச்சம் வைத்த அரைத் தோசை. குப்பையில் போட மனசில்லாமல் வாயில் போட்டேன். போனது போச்சு என்று அடுத்து இரண்டு முழுத் தோசை.

நாலாவது தடவை தொடங்கியது ஒன்றரை வருடமாக ஓடுகிறது. அதற்குக் காரணம் எதிர்வீட்டு அக்கா. சின்ன வயதிலிருந்து ரமலான் நோன்பு வைப்பவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு நோன்பு பழகிப்போச்சும்மா. வீட்டுல எல்லாரும் வைக்கிறோம், தெருவே வைக்குது. விடியுறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு ஒருத்தர் எழுப்பி விடுவாங்க, திறக்குறப்போ பத்துப் பேர் கூட இருப்பாங்க. நீ வீட்டுல ஒருத்தி மட்டும் உக்காந்து வச்சா எப்படி நிக்கும்?"

அன்று மாலையே இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினோம். கீழே உள்ளது நாங்கள் செய்த வரிசை. தப்பு செய்து திருத்திக்கொண்டவையும் இதில் உண்டு.

முதலில் மாத்திரை டப்பாவைப் பாருங்கள்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் மனப் போராட்டம் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். யூரிக் ஆசிட், அல்சர், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டர் சொன்ன பிறகுதான்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையின் பெயரைப் படியுங்கள். கிளிமிபிரைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் என்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையில் ஆபத்து வேறு மாதிரி. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம்; அப்போது சர்க்கரை அளவு பார்ப்பதற்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கலாம் என்பதுதான் கெடுதல். நீர் பிரியும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம். இவர்கள் எல்லோரும் டாக்டரிடம் "சாப்பாட்டு நேரத்தை மாத்தப் போறேன், மாத்திரை நேரத்தை என்ன பண்ணணும்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுவதுதானே அது.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் மட்டும். டாக்டர் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடும்படி நேரத்தை மாற்றிக்கொடுத்தார். நான் அன்றே ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் விரதத்தை அங்கேயே முடித்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினாலும் அதேதான். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். துணை என்று ஒருவர் இருந்தால் இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு மணி நேரத்தில் மந்திரம் இல்லை

வாட்ஸ்அப்பில் வரும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும்: 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு கெட்ட செல்களைத் தின்றுவிடும், இதற்கு ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது உண்மை. செல்கள் தங்கள் பழைய பாகங்களை எப்படிச் சிதைத்து மறுபடி பயன்படுத்துகின்றன என்பதை அவர் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார். மனிதர்கள் காலை டிபனை விடலாமா என்பதற்கும் அந்தப் பரிசுக்கும் சம்பந்தமில்லை. 2012இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தில், கொழுப்புத் தீனியை எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்ற எலிகள், அதே தீனியை நாள் முழுக்கத் தின்ற எலிகளைப்போல் பெருக்கவில்லை. அதுவும் உண்மைதான். ஆனால் எலிக்கு மாமியார் இல்லை.

மனிதர்களை வைத்து நடந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 2020இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 116 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். மதியம் 12 முதல் இரவு 8 வரை எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விடப்பட்டவர்களுக்கும், மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடை குறைவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குறைந்த கொஞ்சத்திலும் தசை கரைந்திருந்தது. 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேர், ஒரு வருடம். இரு தரப்பும் அளவைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு தரப்பு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் முடித்துக்கொண்டது. அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. அந்த இடைவெளி நேரக்கட்டுப்பாட்டால்தான் வந்தது என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு.

அப்புறம் ஏன் செய்ய வேண்டும்? கடிகாரம் ஒரு வேலி, அவ்வளவுதான். எனக்கு இரவு எட்டு மணிக்கு மேல் சீரியலோடு உள்ளே போன முறுக்கு, வாழைப்பழம், சர்க்கரை போட்ட பால், பிள்ளை மிச்சம் எல்லாம் வேலிக்கு வெளியே போயின. கலோரி எண்ணத் தெரியாதவளுக்கு மணி பார்க்கத் தெரிந்தால் போதும் என்று ஆனது. எண்ணி, எழுதி, அளந்து சாப்பிடுவது உங்களுக்குக் கைவந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

நேரத்தை வீட்டோடு பேசி முடிவு செய்யுங்கள்

சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் முடிப்பது நல்லது என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. 2018இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த ஆண்கள் மதியம் மூன்று மணிக்கு முன்பே கடைசிச் சாப்பாட்டை முடித்தபோது, எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்யும் விதமும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. எட்டுப் பேரை வைத்துப் பார்த்தது, அதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலும் மூன்று மணிக்கு ராச்சாப்பாடு முடிக்கும் வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது?

ஆகவே உங்கள் வீட்டில் எந்த வேளை சாப்பாட்டைத் தொட்டால் சண்டை வராது என்று பாருங்கள். பிள்ளைகளோடு ஒன்றாக உட்காரும் ஒரே வேளை இரவுதான் என்றால் அதை விடாதீர்கள். மதியம் 12 முதல் இரவு 8 வரை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வெவ்வேறு நேரத்தில்தான் சாப்பிடுவோம் என்பதால் காலை 10.30 முதல் மாலை 6.30 வரை எனக்குச் சரியாக வந்தது.

மாமியார் விஷயத்தில் செய்தது இதுதான். "டயட்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்கு யாரோ பெண்ணைப் பட்டினி போடுகிறார்கள் என்று தோன்றும். ஏகாதசியும் சஷ்டியும் இருந்தவருக்கு விரதம் என்றால் புரியும். "அத்தை, அந்த நாலு இட்லிய டப்பாவுல கட்டிக் குடுங்க. பத்தரைக்குச் சாப்பிடுறேன்" என்றேன். இட்லி எண்ணிக்கை குறையவில்லை, கொடுத்தது அவர் கைதான், மனசும் நிறைந்தது. இப்போது நான் ராத்திரி ஏழு மணிக்கு அடுப்படிப் பக்கம் போனால் "உனக்கு நேரமாச்சே" என்று அவரே சொல்கிறார்.

துணைக்கு யார்

வீட்டுக்காரர் வேண்டாம் என்பது என் கட்சி. கரண்ட் பில், பிள்ளை மார்க், அவர் அம்மா என்று ஏற்கெனவே பேச நிறைய இருக்கும் இடத்தில் முறுக்கும் சேர்ந்துகொள்ளும். அவர் ஆதரவாக இருந்தால் போதும். கணக்குக் கேட்பவராக இருக்கக் கூடாது.

பெரிய வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். நான் ஒன்றில் இருந்தேன். முதல் வாரம் எல்லோரும் எடை போட்டார்கள். இரண்டாம் வாரம் குட் மார்னிங் படங்கள். மூன்றாம் வாரம் ஒருவர் புரோட்டீன் பவுடர் விற்கத் தொடங்கினார். இரண்டு பேர் நல்லது, நாலு பேருக்கு மேல் போனால் யாரும் யாரையும் தேட மாட்டார்கள். ஒருவர் இரண்டு நாள் காணாமல் போனால் இன்னொருவருக்கு உறைக்க வேண்டும், அந்த அளவுதான் சரியான அளவு. தினம் கண்ணில் படுபவராக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடுப்பை அணைப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. எடையில் உங்களோடு போட்டி போடுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்களுக்குள் தினமும் போவது இரண்டே செய்தி. மாலை 6.30க்கு "மூடியாச்சு". காலையில் சாப்பிட உட்காரும்போது "திறந்தாச்சு". விரதம் முறிந்தால் மணியும் பண்டமும் மட்டும்: "8.15, பஜ்ஜி, மூணு." ஏன் எதற்கு என்ற விளக்கம் கிடையாது. எதிராளி திட்டவும் கூடாது, "பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்லவும் கூடாது. "சரி, காலைல பார்ப்போம்" என்பதோடு முடிந்தது. சிரிப்பாக இருந்தாலும் இந்த மூன்றாவது செய்திதான் முக்கியம். முன்பு முறிந்த மூன்று தடவையும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதனால் மறுநாள் தொடங்க வேண்டியும் இருக்கவில்லை. எடையைக் கேட்பதில்லை என்பதும் எங்களுக்குள் ஒப்பந்தம். எடை சில வாரம் அசையாது, அப்போது கேட்டால் எரிச்சல்தான் வரும்.

அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஆள் போதும். பக்கத்து மேசைத் தோழியிடம் சொல்லி வைத்தேன். இனிப்பு வந்தால் என் பங்கை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிடுவாள், 10.30க்கு மேல் எடுத்துக்கொள்வேன். "வேண்டாம்" என்றால் பத்துக் கேள்வி வரும், "அப்புறம் சாப்பிடுறேன்" என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் நான்கு வாரம்

திங்கட்கிழமை நேராகப் பதினாறில் குதித்தவர்கள் வியாழக்கிழமை விட்டுவிடுகிறார்கள். முதல் நாலு நாள் 12 மணி நேரம்: இரவு 8 முதல் காலை 8. இதில் டிபனைக்கூடத் தொடுவதில்லை, ராத்திரி நொறுக்குத்தீனி மட்டும் போகும். அடுத்த ஐந்து நாள் 13, பிறகு ஐந்து நாள் 14. பதினாலில் உடம்பு லேசாக இருக்கிறது என்றால் அங்கேயே நின்றுவிடலாம், குற்றமில்லை. அக்கா இன்றுவரை பதினாலுதான். நான் மூன்றாம் வாரம் பதினைந்து, நாலாம் வாரம் பதினாறு.

வழக்கமாகச் சாப்பிட்ட மணிக்குத்தான் பசி கத்தும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நம் பழைய நேர அட்டவணைப்படி சுரப்பதால் வரும் கூச்சல் அது. பெரும்பாலும் அரை மணியில் அடங்கிவிடும்; ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் துணி காயப்போடப் போங்கள். சில நாளில் கூச்சலே புது நேரத்துக்கு மாறிக்கொள்ளும். முதல் வாரம் ஒரு கிலோ குறைந்தால் துள்ளாதீர்கள். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த கிளைகோஜன் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது இறங்கும்போது தண்ணீரும் இறங்குகிறது. எடை வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலைக்கடன் முடித்த பிறகு. அதைவிடத் தையல்காரர் டேப் நம்பகமானது. நம் ஊர் உடல்வாகுக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சமைப்பவர்களுக்கு இரண்டு சிக்கல் தனி. ஒன்று உப்புப் பார்ப்பது. குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்குவது அனிச்சையாக நடக்கும். ஒரு சொட்டில் ஒன்றும் ஆகிவிடாதுதான், ஆனால் அந்தச் சொட்டுக்குப் பின்னால் ஒரு வடை ஓரம் வரும். இப்போது அந்த வேலை மகனுக்கு. ஏழு வயதில் "அம்மா, புளி தூக்கல்" என்று சொல்லப் பழகிவிட்டான். இன்னொன்று பசியோடு பரிமாறுவது. இரவு எட்டரைக்கு எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு நானும் அக்காவும் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறோம். முக்கால் மணி நேர நடை. இறங்கி வரும்போது பாத்திரம் சிங்க்கில் இருக்கும், மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கும்.

காபி

பாதிப் பேர் விழும் இடம் இது. ஒரு டம்ளர் காபியில் 100 மி.லி. பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் இருந்தால் நூறு கலோரியை ஒட்டி வரும். அதைக் குடித்துவிட்டு விரதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மோரும் அப்படித்தான். சட்டென்று நிறுத்தினாலோ இரண்டாம் நாள் மண்டை பிளக்கும். அது கஃபீன் கிடைக்காத தலைவலி, ஒரு வாரம்கூட இழுக்கலாம். எனவே விரதத்தையும் காபி நிறுத்துவதையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். நான் முந்தைய இரண்டு வாரத்தில் சர்க்கரையைப் பாதியாக்கினேன், பிறகு பாலைக் குறைத்தேன். இப்போது காலை ஆறு மணிக்குக் கடுங்காபி. முதலில் கஷாயம் மாதிரி இருந்தது. பால் காபி பத்தரைக்கு, இட்லிக்குப் பின்னால். வெறும் வயிற்றில் கடுங்காபி நெஞ்செரிச்சல் தருகிறது என்றால் வெந்நீரோ பால் விடாத லேசான கட்டன் சாயாவோ போதும்.

திறக்கும்போது

நாள் முழுக்க அடக்கி வைத்ததற்கு ஈடுகட்டுவதுபோல் சாப்பிட்டால் வேலி இருந்தும் தோட்டம் போச்சு. எங்கள் சாப்பாட்டில் சோறு தானாக வந்துவிடும், குறைவது புரதம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அதாவது 65 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 54 கிராம். இரண்டு முட்டையில் 12, ஒரு கப் சுண்டலில் 12 போல, ஒரு டம்ளர் தயிரில் ஆறு ஏழு, நூறு கிராம் பனீரில் 18. மீனோ கோழியோ இருந்தால் கவலையில்லை. இரண்டு வேளைக்குள் இதைச் சேர்க்கத் திட்டம் போட வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் அந்தச் சான் ஃபிரான்சிஸ்கோக்காரர்களைப்போல் தசை கரையும். கூடவே தினம் இருபது தோப்புக்கரணம். மாடியில் இரண்டு பேரும் எதிரெதிராக நின்று போடுகிறோம், கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

மூன்று மாதம் ஆனதும் ஹெச்.பி.ஏ.1சி என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள், அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. நடுவில் மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, முடி கொத்தாகக் கொட்டினாலோ, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்து திறந்ததும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். துணைக்கு இருப்பவர் இதைக் கவனித்துச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

கல்யாணம், பண்டிகை, ரமலான்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விரதம் கிடையாது; அதை முன்பே நாள் குறித்து அக்காவிடம் சொல்லிவிடுவேன். முறிந்தது வேறு, விடுமுறை வேறு. முகூர்த்தக் கல்யாணத்தில் ஏழு மணிக்கே இலை போட்டுவிடுவார்கள். அன்று எட்டு மணி நேரத்தை அப்படியே முன்னால் நகர்த்தி, மூன்று மணியோடு முடித்துக்கொள்வேன். மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் 12 மணி நேரம்தான்.

போன ரமலானில் எங்கள் கணக்கு தலைகீழாகிவிட்டது. அக்கா பகலெல்லாம் நோன்பு. அவர் திறக்கும் நேரமும் நான் மூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. "மூடியாச்சு", "திறந்தாச்சு" இரண்டும் ஒரே நிமிடத்தில் குறுக்கே போயின. இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அவர் மகள் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் பட்டை, புதினா வாசனை கூடம் முழுக்க. அந்த மாதம் முழுவதும் என் நேரத்தைக் காலை 11 முதல் இரவு 7 வரை என்று மாற்றிக்கொண்டேன். அத்தைக்கும் ஒரு டம்ளர் தனியாக வரும்.